கண் மூடினாலும் கை அறியும்

ஐம்புலன்களைப் பற்றிச் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அவற்றோடு சேராத இன்னோர் உணர்வும் நமக்கு உண்டு. கண்களை மூடிக்கொண்டு ஒரு கையை உயர்த்துங்கள். கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பாராமலே சொல்ல முடிகிறதல்லவா? இதுவே நிலையுணர்வு. இதற்குப் 'புரோப்ரியோசெப்ஷன்' என்று 1906-ஆம் ஆண்டில் பெயரிட்டவர், 1932-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன்.

தசைகளுக்குள் கதிர் வடிவமான நுண்ணிய உறுப்புகள் உள்ளன. தசை நீளும்போது அவை நரம்புகள் வழியே செய்தி அனுப்புகின்றன. அச்செய்தி தண்டுவடத்தில் ஏறி, முகுளத்தில் மறுபக்கம் கடந்து, பெருமூளையை அடைகிறது. ஆகவே மூளையின் வலப்பக்கம் பழுதுபட்டால் இடக்கையின் உணர்வு கெடும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. கையில் வலு இருந்தும் நிலையுணர்வு போய்விடுவதுண்டு. அத்தகையோர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பிடித்திருப்பர். பார்வை விலகியதும் நழுவவிடுவர். இதைக் கவனக்குறைவு என்று எண்ணிக் கடிந்துகொள்வது தவறு.

இவ்வுணர்வை மருத்துவர் எப்படிச் சோதிக்கிறார்? நோயாளி கண்களை மூடிக்கொள்வார். மருத்துவர் அவருடைய விரல் நுனியை மேலும் கீழுமாக அசைத்து, "மேலா, கீழா?" என்று கேட்பார். விரலின் இரு பக்கங்களையே பிடிக்க வேண்டும். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தத்தைக் கொண்டே விடை தெரிந்துவிடும். ஊகமாகச் சொன்னாலும் பாதி விடை சரியாகிவிடுமாதலால், பலமுறை கேட்பது அவசியம். விரலில் உணர்வு இல்லையானால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மேலே செல்வார்.

இன்னொரு முறையில், பாதித்த கையை மருத்துவர் தூக்கிப் பிடிக்க, நோயாளி கண்மூடியபடி நல்ல கையால் அதன் கட்டைவிரலைத் தொட வேண்டும். உணர்வு இழந்தவர் வெறும் காற்றில் துழாவுவார். அல்லது தம் கையைத் தடவிக்கொண்டே போய் விரலைக் கண்டுபிடிப்பார்.

கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'கின்ஆர்ம்' என்னும் இயந்திரம் இதனை அளந்தே காட்டுகிறது. அது பாதித்த கையை ஓரிடத்தில் கொண்டு நிறுத்தும். நோயாளி பாராமல் மற்றக் கையை அதே போல் நிறுத்த வேண்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கணினி கணக்கிடும்.

நம் வீட்டில் இத்தகைய முதியோர் இருந்தால் என்ன செய்யலாம்? கையைப் பார்த்தபடியே வேலை செய்யுமாறு அன்புடன் நினைவூட்டுங்கள். அடுப்பருகே தனியே விடாதீர்கள். சக்கர நாற்காலியில் கை தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலுவற்ற கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். எவருக்கேனும் திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேளாமலே இறைவன் நமக்குத் தந்த கொடை இது. அதை இழந்தோர்க்கு நம் கண்ணும் கையும் துணையாகட்டும்!