ஆட்டமும் ஆதாயமும்

ஓர் ஆட்டத்தில் திறமை மிகுதியா, தற்செயல் மிகுதியா? இணையவழிப் பண விளையாட்டுகள் பற்றிய வழக்குகள் நம் நாட்டில் பல்லாண்டுகள் இக்கேள்வியையே சுற்றி வந்தன. அதனை நடத்துபவர் எவ்வாறு ஆதாயம் ஈட்டுகிறார் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டதென உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திர வழக்கொன்றில் கூறியது. நிறுவனங்கள் இதனைக் கேடயமாகக் கொண்டன. ஆயின், ஆட்டத்திலிருந்து மன்ற உரிமையாளர் ஆதாயம் பெறின் அது குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பே உரைத்தது. இவ்வரியை எவரும் விளம்பரப்படுத்தவில்லை! கைப்பேசிச் செயலிகளோ பந்தயப் பணத்தில் ஒரு பங்கைத் தமக்கெனக் கழித்துக்கொண்டன. எவர் வென்றாலும் அக்கழிவு கிடைத்தது. ஆகவே ஆட்டம் ஓயாதிருப்பதே வணிகமாயிற்று.

கங்காதர நெல்லூர் அமைந்துள்ள சித்தூர் மாவட்டம் வேலூரை ஒட்டியது. ஆந்திர அரசு 2020 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் வாயிலாக இவற்றைத் தடுத்தது. தமிழ்நாட்டின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நீக்கியது. கங்காதர நெல்லூரில் குற்றமாயிருந்த ஆட்டம், பேருந்தேறிக் காட்பாடி சென்றால் அன்று குற்றமாயிருக்கவில்லை.

நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், திறமை, தற்செயல் என்ற வேறுபாட்டைக் கருதாமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பணம் வைத்து ஆடாத மின் விளையாட்டுப் போட்டிகளை அது ஊக்குவிக்கிறது.

வீடியோ விளையாட்டுகளில் விற்கப்படும் பரிசுப் பெட்டிகள் வேறு வகையின. உள்ளிருப்பது இன்னதென அறியாமலே சிறுவர்கள் விலை கொடுக்கின்றனர். இத்தகையவற்றுள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டமெனக் கொண்டது. நம் சட்டத்தில் இவற்றுக்கெனத் தனிப் பிரிவு ஏதுமில்லை.