ஈட்டுக் கணக்கு

அன்புள்ள செல்வி,

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்ப் பட்டறை தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், பெயருக்குக் குறைவில்லை. நீ அனுப்பிய கணக்கில்தான் ஓட்டை.

ஓர் ஈட்டுக்குக் கடலை 10 கிலோ, வெல்லம் 5 கிலோ, சரக்குச் செலவு 1,600 ரூபாய். அதை 15ஆல் வகுத்து, கிலோ 107 ரூபாய் என்று போட்டிருக்கிறாய். வறுத்துத் தோலைப் புடைத்தால் கடலை எடை குறையாதா? வெல்லத்தில் உள்ள ஈரமும் பாகில் ஆவியாகும். கொப்பரையில் கொஞ்சம் ஒட்டும், வெட்டும்போது ஓரம் உடையும். விற்கத் தகுந்ததாக 12.5 கிலோ தேறினால் அடக்கம் 128 ரூபாய். கிலோவுக்கு 20 ரூபாய் லாபம் என்றாயே, அது இங்கேயே போயிற்று. என் 12.5ஐயும் நம்பாதே, சில ஈடுகளை நிறுத்துப் பார்த்து உன் பட்டறைக்கான எண்ணை நீயே கண்டுபிடி.

கூலி மூன்று பேருக்கு நாளைக்கு 1,800 ரூபாய். ஆறு ஈடு போட்டால் கிலோவுக்கு 24 ரூபாய் விழும்; மூன்றே போட்டால் 48. ஈட்டைப் பெரிதாக்கலாமே என்பாய். பதம் வந்த பாகு காத்திருக்காது. பலகையில் கொட்டி, கட்டையால் உருட்டிக் கீறுவதற்குள் இறுகிவிடும். கை வேகத்துக்கு மேல் கொப்பரை வாங்கிப் பயனில்லை. ஆர்டர்களைச் சேர்த்து வைத்து, வாரத்தில் மூன்று நாள் முழு வேலையாகப் போடு. ஆறு நாள் அரைகுறையாக ஓட்டுவது கூலிக்கு நஷ்டம். மழைக்காலத்தில் மட்டும் இருப்பு சேர்க்காதே, மிட்டாய் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும்.

100 கிராம் பாக்கெட்டில் 104 கிராம் போட்டால் ஈட்டுக்கு அரைக் கிலோ இலவசமாகப் போகும். குறைத்துப் போட்டாலோ சட்டப்படி குற்றம். நல்ல தராசு வாங்கு.

பாக்கெட்டில் பேட்ச் எண் அச்சிடுவது கட்டாயம். நாளுக்கு ஓர் எண் போதும் என்பார்கள். கடலை மூட்டை மாறும்போதும் எண்ணை மாற்று. ஈரக் கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் அது முழுதும் போகாது. எந்த மூட்டை எந்த எண்ணுக்குப் போனது என்று தெரிந்தால், புகார் வரும்போது அந்தப் பாக்கெட்டுகளை மட்டும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கலாம்.

விலையை அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திய கணக்கை எனக்கு அனுப்பு. வாடகை, விறகு, உன் சம்பளம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

உன் மாமா