விலைச்சீட்டும் சந்தை விலையும்

காற்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். மாலை வேளையில் நம் கடைக் கல்லாவில் நிற்கும் பிள்ளைகளின் பேச்சில் பாதி காற்பந்துதான் என்பதை அவர்களும் அறிவார்கள். அப்பிள்ளைகள் இப்போது லாமின் யமால் என்ற ஸ்பானிய வாலிபரின் பெயரையே உச்சரிக்கிறார்கள். அவர் முஸ்லிம், ரமலானில் நோன்பு நோற்றபடியே ஆடியவர், ஆகவே அவர்பால் நமக்கும் ஒரு பிரியம் உண்டு. ஆயினும் ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது, அதே வழியில் அவருக்கு முன்னே நடந்த அன்சு ஃபாத்தி என்பவரின் வரலாற்றை. வியாபாரிகள் படித்தறிய வேண்டியது இதில்தான் அதிகம்.

அன்சு ஃபாத்தி 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவ் நாட்டில் பிறந்தார். தந்தை முதலில் ஸ்பெயினுக்கு வந்து, செவில் மாகாணத்துக் கிராமப்புறத்தில் கிடைத்த வேலையைச் செய்து, காலூன்றிய பிறகே குடும்பத்தை வரவழைத்தார். அப்போது பிள்ளைக்கு வயது ஆறு. கப்பலேறி வந்து, கடையிலேயே படுத்துறங்கி, ஆண்டுகள் பல கழித்து மனைவி மக்களை அழைத்துக்கொண்ட நம் பாட்டன்மார் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று.

2012-ல் பார்சிலோனா கழகம் அவரைத் தன் பயிற்சிச் சாலையில் சேர்த்துக்கொண்டது. அதற்கு லா மாசியா என்று பெயர்; பண்ணைவீடு என்பது பொருள். 1979-ல் வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைக்கப் பழைய பண்ணைவீடொன்றில் விடுதி தொடங்கியதால் வந்த பெயர் இது. விடுதி 2011-ல் புதிய கட்டடத்துக்குப் போன பின்னும் பெயர் போகவில்லை. பிள்ளைகள் அங்கே பந்தும் பழகுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் போகிறார்கள். பந்துக்காகப் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் அடம்பிடிக்கும் தம்பிமார் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

13 வயதில் காலெலும்பு முறிந்து நெடுநாள் ஓய்விலிருந்து மீண்ட அவர், 2019 ஆகஸ்ட் 25-ல் பெரியவர்களின் அணிக்காகக் களமிறங்கினார். அப்போது வயது 16. ஆறு நாள் கழித்து ஒசாசுனா அணிக்கெதிராகக் கோல் அடித்தார். அடுத்த மாதமே ஸ்பானிய அரசாங்கம் குடியுரிமை வழங்கிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மிலான் நகரில் இன்டர் அணிக்கெதிராக அவர் அடித்த கோலினால், ஐரோப்பிய சாம்பியன் கோப்பைப் போட்டியில் கோலடித்த மிக இளையவர் என்ற பெயர் வந்தது. 2020 செப்டம்பரில் உக்ரேனுக்கெதிராக, ஸ்பெயின் தேசிய அணிக்குக் கோலடித்த மிக இளையவரும் ஆனார்.

நிற்க. இங்கேதான் கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது.

ஸ்பெயினில் ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தம் முடியுமுன் விலக விரும்பினால் நஷ்ட ஈடு கொடுத்து விலகலாம் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அத்தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். 2017-ல் நெய்மார் என்ற பிரேசில் நாட்டவருக்காகப் பாரிஸ் கழகம் 22 கோடியே 20 லட்சம் யூரோவை அப்படியே கட்டிவிட்டது. அதன் பிறகு, யாராலும் கட்ட முடியாத தொகையை எழுதும் வழக்கம் பரவிற்று. ஃபாத்தியின் தொகை 2019 டிசம்பரில் 17 கோடி. 2020 செப்டம்பரில் 40 கோடி. 2021 அக்டோபரில் 100 கோடி யூரோ. இஃது அவருடைய மதிப்பன்று, எடுத்துச் செல்லாதே என்று கட்டிய வேலி. ஆனால் பத்திரிகைகள் 'நூறு கோடிப் பையன்' என்கிற பாவனையில் எழுதியதால், ஊரார் அதையே விலை என்று நம்பினார்கள்.

இந்தத் தொகை ஏறிய காலத்தில் முழங்காலின் நிலைமை என்ன? 2020 நவம்பர் 7-ல் பெத்திஸ் அணியோடு ஆடுகையில் இடது முழங்காலில் அடி. தொடையெலும்புக்கும் கீழ்க்காலெலும்புக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்துவிட்டது. அதன் உட்பகுதிக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு; ஆகவே புண் எளிதில் ஆறாது. தைத்தால் நாளாகும், தையல் பிடிக்காமலும் போகலாம். கிழிந்ததை வெட்டியெடுத்தால் சீக்கிரம் ஓடலாம், ஆனால் வயதான காலத்தில் மூட்டு தேயும். நான்கு மாதத்தில் திரும்புவார் என்றார்கள். நான்கு அறுவைச் சிகிச்சைகளும் பத்து மாதத்துக்கு மேலும் ஆயின.

அவர் திரும்புமுன்னரே, 2021 செப்டம்பர் முதல் தேதி, மெஸ்ஸி விட்டுச்சென்ற 10-ஆம் எண் சட்டையை அவருக்கு அறிவித்தார்கள். வயது 18, இன்னும் ஓடிப் பார்க்காத முழங்கால். செப்டம்பர் 26-ல் ஆட்ட முடிவில் சில நிமிடங்கள் இறங்கி ஒரு கோலும் அடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. ஒரு மாதத்துக்குள் நூறு கோடி ஒப்பந்தம். 2022 ஜனவரியில் பில்பாவோ நகரில் தொடைத் தசை கிழிந்தது. மீண்டும் கத்தி வேண்டாமென்று அவர் மறுத்ததில் நமக்கு வியப்பில்லை.

இதில் பிள்ளையைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கடன்பட்டிருந்த கழகத்துக்கு மெஸ்ஸி போன வெற்றிடத்தை நிரப்ப ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஜன்னலில் வைக்கச் சரக்கில்லாத கடைக்காரர், பழுத்து முடியாத பழத்தை முன்வரிசையில் அடுக்குவது போலத்தான் பெரியவர்கள் நடந்துகொண்டார்கள் என்பது நம் அபிப்ராயம்.

2022 உலகக் கோப்பை அணியில் இடம் கிடைத்தது. ஆயினும் பழைய வேகம் வரவில்லை. 2023-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் கழகத்துக்கு இரவலாகப் போனார், அங்கும் காயம். அதே செப்டம்பரில் ஜார்ஜியாவுக்கெதிராக யமால் கோலடித்து, தேசிய அணியில் ஃபாத்தியின் பெயரிலிருந்த சாதனையை 16 வயதில் எடுத்துக்கொண்டார். பார்சிலோனாவுக்குத் திரும்பிய 2024–25 பருவத்தில் ஃபாத்தி 11 ஆட்டங்களே ஆடினார்; கோல் ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் 10-ஆம் எண்ணும் யமாலுக்குப் போயிற்று.

ஜகாத்துக்குக் கடைச்சரக்கைக் கணக்கிடும்போது, நாம் கொடுத்த விலையையோ எதிர்பார்க்கும் விலையையோ எழுதுவதில்லை. அன்றைய சந்தை விலையையே எழுதவேண்டும் என்று மதரசாவில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஃபாத்தியின் சந்தை விலை 2025 கோடையில் வெளிப்பட்டது. மொனாக்கோ கழகம் அவரை இரவல் வாங்கியது. பிறகு விரும்பினால் சுமார் 1 கோடியே 10 லட்சம் யூரோவுக்கு நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரிகைகள் எழுதின. விலைச்சீட்டில் நூறு, சந்தையில் ஒன்று. இங்கே விற்கப்படுவது ஆளன்று, அவர் உழைப்பின் மீதான ஒப்பந்தமே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சரக்கு என்று பேசிப் பேசி, அதற்குள் ஒரு தாயின் பிள்ளை இருப்பதை மறந்துவிடுகிறோம்.

பார்சிலோனாவில் கூட்டமும் எதிர்பார்ப்பும் பெரிது. மொனாக்கோவின் அரங்கம் சிறியது. 2025 செப்டம்பரில் புரூஜ் அணிக்கெதிராக முதல் ஆட்டத்திலேயே கோலடித்தார். சில நாளில் மெட்ஸ் அணிக்கெதிராகப் பாதி ஆட்டத்துக்குப் பின் இறங்கி இரண்டு கோல் அடித்தார். அப்போது அவருக்கு வயது 22. நம்மில் பலர் அந்த வயதில் இன்னும் தராசு பிடிக்கவே பழகிக்கொண்டிருந்தோம்.