விட்டு விட்டுச் சூடேறும் எஞ்சின்: ஒரு காரண ஆய்வு

இயந்திரத்தில் நிலையாக உள்ள பழுதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. வீட்டிலும் அது இருக்கும், பட்டறையிலும் இருக்கும். இன்று தோன்றி நாளை மறையும் பழுதே நம் அறிவைச் சோதிப்பது. பழைய சிறிய கார்களில் அத்தகைய பழுதுகளுள் ஒன்று, எஞ்சின் இடையிடையே அளவுக்கு மீறிச் சூடாவது. ஒரு நாள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். மறுநாள் அதே சாலையில் ஒன்றும் அறியாதது போல் நடுவில் நிற்கும். உரிமையாளர் முதலில் ரேடியேட்டரை மாற்றுவார். பிறகு வாட்டர் பம்பை மாற்றுவார். கடைசியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார். பணம் கரையும், சூடு மீண்டும் வரும். 'எது கெட்டது?' என்று கேட்கும் முன் 'எப்போது சூடாகிறது?' என்று கேட்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக, 1983 டிசம்பரில் வெளிவந்து 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 796 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின் அதனுடையது. இங்குக் கூறப்படுவன நீரால் குளிர்விக்கப்படும் பிற பழைய கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வெப்பம் வெளியேறும் வழி

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. ஒரு பெரும் பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சியதில் பெரும் பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச் செல்ல வேண்டும். வாட்டர் பம்ப் அந்நீரைச் சுழலவைக்கிறது. பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. நீர் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டை அடைந்ததும், தெர்மோஸ்டாட்டினுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. சுடுநீர் ரேடியேட்டருக்குள் பாய்ந்து, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது.

இவ்வழியில் பலரும் பொருட்படுத்தாத உறுப்பு ரேடியேட்டர் மூடியாகும். அது வெறும் மூடியன்று. அழுத்தத்தைக் காக்கும் வால்வு. உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கானால், தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையிலோ 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சமவெளியில் தொல்லை தராத கார் மலையேறும்போது மட்டும் பொங்குவதற்கு, ஏற்றத்தின் சுமையோடு மூடியின் தளர்ச்சியும் காரணமாக இருக்கலாம்.

முள் சொல்வது மெய்யா?

சூடேறியதாகக் காட்டுவது ஒரு மின்கருவிதான் என்பதை மறத்தலாகாது. எனவே கருவி மெய் சொல்கிறதா என்பதை முதலில் ஆராய வேண்டும். இதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். நான்கு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 17 கிலோ ஜூல் தேவை. எஞ்சின் நொடிக்கு 10 கிலோ ஜூல் வெப்பத்தை நீருக்குக் கொடுக்கிறது என்றும், அதில் சிறிதும் வெளியேறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் 80 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்கு ஏற ஒரு நிமிடத்திற்கு மேலாகும். ஆகையால் முள் ஒரே நொடியில் துள்ளி ஏறினால், வயர் இணைப்பையோ வெப்ப உணர்வியையோ ஐயுறுவது முறை.

இதற்கு மாறான நிலையும் உண்டு, அது ஆபத்தானது. நீர் மிகவும் குறைந்துவிட்டால் உணர்வி நீரைத் தொடாமல் நிற்கும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் திடீரெனக் கீழே இறங்கிவிடக் கூடும். ஏறியிருந்த முள் காரணமின்றி இறங்கினால் நிம்மதி அடையாமல் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

நான்கு வேளைகள்

வண்டி எந்த வேளையில் சூடாகிறது என்பதே தலையாய சான்று. அதனை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நெரிசலிலோ ரயில்வே கேட்டிலோ நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்குவது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. நிற்கும் வண்டிக்கு விசிறிதான் துணை. எனவே ஐயம் விசிறியின் மேல் விழுகிறது. தொடக்ககால அம்பாசிடர் போன்ற கார்களில் விசிறியைப் பெல்ட் சுழற்றியது. எஞ்சின் ஓடினால் விசிறியும் ஓடும். மாருதியில் விசிறிக்கு மின்மோட்டார் உண்டு. வெப்ப ஸ்விட்சு அதனை இயக்குகிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும், இணைப்பில் பச்சை பூத்தாலும் விசிறி ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது.

இரண்டாவது, நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது மட்டும் சூடாவது. அங்கே காற்றுக்குக் குறைவில்லை, நீரோட்டத்திற்குத்தான் குறை. ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கலாம், பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம். கீழ் ஹோஸ் நைந்திருந்தால் பம்ப் இழுக்கும் வேகத்தில் அது சப்பையாகி வழியை அடைத்துவிடும். வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கும்போது ஹோஸ் பழைய வடிவத்தில் இருப்பதால் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது, காலையில் எடுத்த சில நிமிடங்களிலேயே முள் உயர்ந்து, பிறகு திடீரெனச் சரியாவது. தெர்மோஸ்டாட் சிக்கித் தாமதமாகத் திறப்பதும், நீர்வழியில் காற்று தங்கியிருப்பதும் இவ்வாறு காட்டும்.

நான்காவது, ஏற்றத்திலும் பாரத்திலும் மட்டும் சூடாவதோடு, வெளியே ஒழுக்கு இல்லாமலே நீர் குறைந்து வருவது. இங்கே ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். எரிவாயு நீர்வழிக்குள் புகுவதால் குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சிறிது நேரத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகும். ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் எழும்.

சோதனை வரிசை

செலவில்லாத சோதனை முதலிலும், செலவு மிக்கது கடைசியிலும் வரவேண்டும்.

1. எஞ்சின் முழுதும் குளிர்ந்த பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீர்மட்டம் பார்க்கவும். பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் நீர் இருப்பதாலேயே ரேடியேட்டர் நிறைந்திருப்பதாகக் கொள்ளலாகாது.

2. மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பார்க்கவும். ஐயமிருந்தால் அதே அழுத்த அளவுள்ள புது மூடி போடவும்.

3. பெல்ட்டின் இறுக்கத்தையும், ஹோஸ்களின் மென்மையையும், ரேடியேட்டர் முகத்தில் அடைந்துள்ள பூச்சி, தூசுகளையும் கவனிக்கவும்.

4. வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டு, விசிறி தானே சுழல்கிறதா எனப் பார்க்கவும். சுழலாவிடில், இருமுனை ஸ்விட்சின் இணைப்பைக் கழற்றி அம்முனைகளை ஒரு வயரால் சேர்க்கவும். கைகள் விசிறிக்கு எட்டத்தில் இருக்கட்டும். விசிறி சுழன்றால் ஸ்விட்சு பழுது அல்லது நீர் அதனை எட்டவில்லை. சுழலாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, எர்த், மோட்டார் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவும்.

5. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் திறக்கிறது என வெப்பமானி கொண்டு அளக்கவும். ஒரு முறை போதாது. ஆறவிட்டு மூன்று நான்கு முறை செய்தால்தான் இடையிடையே சிக்கும் வால்வு அகப்படும்.

6. இவை யாவும் சரியென்றால் மட்டுமே ரேடியேட்டரை இறக்குவதும், ஹெட்டைத் திறப்பதும் ஆகும்.

வெப்ப நாடு என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டை நிலையாக நீக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்படி ஓடும் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடையத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானம் மிகும். மெய்யான பழுதும் மறைந்து நின்று வளரும்.

பழுது தீர்ந்தது என்பதற்குச் சான்று

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட அளவை நூலில் காரணத்தைக் காணும் முறைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று வேற்றுமை முறை. இரு நிலைகள் எல்லாவற்றிலும் ஒத்து, ஒன்றில் மட்டும் வேறுபட்டு, விளைவும் வேறுபடுமானால், அந்த ஒன்றே காரணம் அல்லது காரணத்தின் பகுதி என்பது அது. மூடி, தெர்மோஸ்டாட், விசிறி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் இம்முறை பயனற்றுப் போகிறது. வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும்.

விட்டு விட்டு வரும் பழுதில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரு கார் சராசரியாக ஐந்து நாளில் ஒரு நாள் சூடாகிறது எனக் கொள்வோம். எந்தப் பழுதும் பார்க்காமலே அது தொடர்ந்து ஐந்து நாள் ஒழுங்காக ஓடுவதற்கு வாய்ப்பு 0.8-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பத்து நாள் ஓடுவதற்கான வாய்ப்புக்கூட நூற்றுக்குப் பத்துக்கு மேல். ஆகவே 'ஒரு வாரமாகச் சூடாகவில்லை, சரியாகிவிட்டது' என்பது சான்றாகாது. எந்த வேளையில் சூடானதோ அதே வேளையை மீண்டும் உண்டாக்கிப் பார்க்க வேண்டும். நெரிசலில் சூடான காரை நெரிசலிலும், ஏற்றத்தில் சூடானதை ஏற்றத்திலும் சோதித்தலே முறை. இதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். நாள், நேரம், வேகம், ஏற்றம், ஏசி போட்டதா இல்லையா, காலையில் இருந்த நீர்மட்டம் ஆகிய ஆறையும் எழுதிவந்தால், சில வாரங்களில் அப்பக்கங்களே காரணத்தின் பக்கம் விரல் நீட்டும்.

எச்சரிக்கை

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கிய அக்கணமே 100 டிகிரிக்கு மேலுள்ள நீர் ஆவியாகப் பொங்கி முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். முள் சிவப்பை அடைந்தால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் ஒரே சீராகச் சுருங்காமல் வெடிப்பு விழக் கூடும். சூட்டோடு இன்னும் சிறிது தூரம் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். நூறு ரூபாய் அளவில் முடிய வேண்டிய பழுது ஆயிரக்கணக்கில் வளர்வது பெரும்பாலும் அந்தச் சிறிது தூரத்தில்தான்.

வாடகைக்கு ஓடும் பழைய வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவர்களுக்குத் தேவையற்ற ஓர் உறுப்பை வாங்குவது ஒரு வாரச் சம்பாத்தியத்தை இழப்பதாகும். வகுப்பில் கற்கும் கொதிநிலையும் நிகழ்தகவும் அளவையியலும் தேர்வுத் தாளோடு முடிவன அல்ல. பார்த்து, எழுதி, ஒன்றொன்றாக நீக்கிக் காரணத்தை அடையும் பழக்கம் கைவந்தால், பட்டறையில் நின்று 'எப்போது?' என்ற கேள்வியை நாமே முதலில் கேட்கலாம்.