சூரணமும் மாத்திரையும் ஒரே கவுண்டரில்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. பல வருஷமாகச் சுகர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக வில்லியனூரில் ஒரு மெடிக்கலில் வாங்கிய சூரணத்தையும் சேர்த்துக்கொள்கிறார். டப்பாவில் சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, வெந்தயம் என்று போட்டிருக்கிறது. போன வாரம் களை எடுக்கப் போன இடத்தில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை போட்ட டீ குடித்ததும் தெளிந்துவிட்டது. கடையில் கேட்டால், "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். ஊருக்குள் வந்த ஒருவரிடம் மூட்டு வலிக்குப் பொடியும் வாங்கியிருக்கிறார். இரண்டே நாளில் வலி போய்விட்டதாம். இதையெல்லாம் மெடிக்கலில் கேட்கலாமா, சித்த மருத்துவரிடம்தான் போக வேண்டுமா?
– வாசகி, பாகூர்

பதில்: முதலில் அந்த நடுக்கம். அது பெரும்பாலும் லோ சுகர்தான். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சிறுகுறிஞ்சானுக்கும் வெந்தயத்துக்கும் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு. மூன்றும் சேர்ந்து, காலை ஆகாரமும் குறைந்து, வெயிலில் வேலையும் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மறுபடி இப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சூரணத்தை இன்றே நிறுத்தி வையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நடந்ததை மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், அளவை அவர் முடிவு செய்யட்டும்.

இனி உங்கள் கேள்வி. மெடிக்கலில் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது பார்மசிஸ்டின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் கவுண்டரில் நிற்பவர் எல்லோரும் பார்மசிஸ்ட் அல்ல. "பார்மசிஸ்ட் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அவருடைய பதிவுச் சான்றிதழ் கடையில் பார்வைக்கு இருக்க வேண்டும். "ஒன்றும் செய்யாது" என்று உங்களிடம் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதில் தவறு.

சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். சில்லறையில் விற்க உரிமம் தேவையில்லை. அதனால்தான் மளிகைக் கடையிலும் சூரணம் கிடைக்கிறது. மெடிக்கலில் வாங்குவதில் ஒரு நன்மை உண்டு. உங்கள் அம்மாவின் மாத்திரையையும் சூரணத்தையும் சேர்த்துப் பார்க்கக் கூடிய ஆள் அங்கே இருக்கிறார். பார்மசிஸ்டுக்குச் சித்த மருத்துவம் முழுதும் தெரியும் என்று சொல்ல மாட்டேன், அவர் படிப்பில் அதற்கு இடம் குறைவு. அளவை மாற்றும் அதிகாரமும் அவருக்கு இல்லை. ஆனால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எது எதோடு மோதும் என்று பார்த்து, மருத்துவரிடம் அனுப்ப அவரால் முடியும். உதாரணமாக, அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

டப்பாவை வாங்கும்போது தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி எழுதியிருந்தால் அந்த டப்பாவை வாங்காதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது மூட்டு வலிப் பொடிதான். லேபிள் இல்லாத பொடி இரண்டு நாளில் வலியை அடியோடு போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், முகம் உப்பும், எலும்பை அரிக்கும். அதிலும் ஒரு சிக்கல்: பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டு, மீதிப் பொடியோடு நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சித்த மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இருந்தால், புதுச்சேரியில் மத்திய அரசின் சித்த மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படித்த சித்த மருத்துவர் பார்த்துத் தரட்டும். அவரிடமும் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

மருந்தால் பாதிப்பு வந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். ஜிப்மர் மருத்துவமனையிலும் இதற்கான மையம் உண்டு. உங்கள் அம்மாவின் நடுக்கத்தை அவசியம் பதிவு செய்யுங்கள்.

பாகூரிலும் வில்லியனூரிலும் கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுகர், பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.