தோட்டத்து ஆலோசனைச் சபைக்குச் சட்டத்தில் இடமுண்டா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஸ்பிரிங்வெளியைச் சேர்ந்தவர்கள். லயங்களில் குடியிருப்போரும், தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்தாரும், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரும், ஆசிரியர் இருவருமாகச் சேர்ந்து, ஊர்க் காரியங்களைப் பேசுவதற்கு ஓர் ஆலோசனைச் சபை வைத்திருக்கிறோம். பதிவு எதுவும் இல்லை. எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள தேயிலை மலையில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. நில அளவையாளர் வந்து போயினர். தோட்டத்து ஆபீசில் கேட்டால் பிரதேச செயலகத்தில் கேட்கச் சொல்கிறார்கள். அங்கே போனால் கொழும்பைக் கைகாட்டுகிறார்கள். எங்கள் குடிதண்ணீர்ப் பீலி அந்த மலையிலிருந்துதான் வருகிறது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம். இத்திட்டத்தைத் தடுக்க எங்கள் சபைக்கு அதிகாரம் உண்டா? வழக்குப் போடலாமா?
– சபைச் செயலாளர், ஸ்பிரிங்வெளி, பதுளை.

பதில்: தங்கள் இரு வினாக்களில் முதலாவதற்கு விடை, இல்லை என்பதே. ஊரார் கூடித் தாமாகவே அமைத்துக்கொண்ட ஓர் ஆலோசனைச் சபைக்கு, வீடமைப்புத் திட்டமொன்றை அனுமதிக்கவோ தடுக்கவோ நமது நாட்டுச் சட்டம் எதுவும் அதிகாரம் அளிக்கவில்லை. ஆயினும் அதனால் மனஞ்சோர வேண்டியதில்லை. தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம், தீர்மானத்துக்கு முன்னதாகவே, எழுத்து மூலமும் ஆதாரத்தோடும் தம் அபிப்பிராயத்தை வைக்கவும், அதைப் பரிசீலியாமலே அவர் தீர்மானித்துவிடுவாராயின் நியாயஸ்தலத்தில் காரணம் கேட்கவும் பிரஜைகளுக்கு உள்ள உரிமை சாமானியமானதன்று. தங்கள் சபையின் பலம் முழுவதும் இவ்வுரிமையைக் காலந்தவறாமல் பிரயோகிப்பதிலேயே தங்கியிருக்கிறது.

தோட்டத்து மக்கள் இத்தகைய விஷயங்களில் எந்த வாசலைத் தட்டுவதென்று அறியாமல் திகைப்பதற்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. 1930களின் பிற்பகுதியில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பிரஜாவுரிமை மீண்டு, வாக்குச்சீட்டும் கைக்கு வந்த பின்னரும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்யலாம், ஆனால் அச்சபை தோட்டத்துப் பாதையைத் தானாகத் திருத்த இயலாது என்ற இந்த விசித்திர நிலை, 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னரே மாறத் தொடங்கிற்று. ஆகையால், தோட்டத்துக் காரியம் துரையின் காரியம் என்று ஒதுங்கி நிற்கப் பிரதேச சபைக்கு இன்று நியாயமில்லை. 2025 மே 6ஆந் திகதித் தேர்தலில் தெரிவான உறுப்பினர்களிடம் தாங்கள் தாராளமாகச் செல்லலாம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கட்டட வரைபடங்களை அங்கீகரிப்பது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. அன்றியும், பிரதேச சபை அமைக்கும் ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. வீடமைப்புக்கான குழுவில் தங்கள் சபையைச் சேர்ந்த இருவரைச் சேர்க்கும்படி விண்ணப்பித்தால், வெளியில் நின்று சொல்லும் ஆலோசனை சட்டத்துக்கு உட்பட்ட ஆலோசனையாகிவிடும்.

அடுத்து, மூன்று தலைமுறை வாசத்தைப் பற்றித் தாங்கள் எழுதியிருப்பது. பத்தாண்டு இடையறாத அனுபோகத்தால் உரிமை பிறக்கும் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தைப் பலரும் நம்பிக்கையோடு எடுத்துக் காட்டுவர். அந்நம்பிக்கை இங்கே பயன் தராது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்கு நிர்வாகம் கைமாறியபோதும் மண் அரசினுடையதாகவே இருந்தது. அரச காணிக்கு எதிராக அனுபோக உரிமை ஓடாது என்பதை அக்கட்டளைச் சட்டமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே ‘எங்கள் மலை, எங்கள் தண்ணீர்’ என்று உரிமை கோரிச் செல்வதைவிட, ‘அரசிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட மலை, அந்த நம்பிக்கைக்கு அரசு பதில் சொல்ல வேண்டும்’ என்று கேட்டுச் செல்வதே சட்டப்படி வலுவான வழி.

இனி, செய்ய வேண்டியவற்றுள் தலையாயதைச் சொல்கிறேன். இன்றைக்குத் தங்களிடம் இருப்பது வதந்தி மட்டுமே. வதந்தியை எதிர்த்து மனு எழுத முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பலர் அறியமாட்டார்கள். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஓர் இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட எந்தத் திட்டமாயினும், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே, அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அதைப் பற்றிய தகவல்களைத் தெரிவிக்க வேண்டியது பொறுப்புள்ள அமைச்சரின் கடமை என்று அப்பிரிவு விதிக்கிறது. அவசரத் திட்டங்களுக்கு மட்டும் இம்மூன்று மாதம் ஒரு வாரமாகச் சுருங்கும். வெறும் கேள்வியோடு அலைந்த தாங்கள் இனி இக்கடமையைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

அதே சட்டத்தின்படி, பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும், அரசாங்கத் திட்டமாயின் 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையிலும் உள்ள தகவல் அலுவலர்களுக்குத் தனித்தனியே விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகளைச் சுருக்கமாகக் கேளுங்கள்: எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், யாருடைய நிதி, காணியை விடுவித்த கடிதத்தின் பிரதி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, குடிநீர் எங்கிருந்து எடுக்கப்படும், கழிவுநீர் எங்கே விடப்படும் என்பவற்றைக் காட்டும் வரைபடம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். மறுப்போ மௌனமோ விளைந்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்க. அதுவும் பலிக்காவிடில் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.

மேற்சொன்ன பிரதிகளுள் மண்சரிவு அறிக்கையையே முதன்மையாகக் கருதுகிறேன். பதுளை மாவட்டத்தில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையின்றி மலைச்சரிவில் வீடு எழுப்ப அனுமதித்தல் ஆகாது. 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததையும், ஆபத்தைக் குறித்த எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நமது மலைகளை என்ன பாடு படுத்திற்று என்பதையும் அறிந்த எந்த அதிகாரியும், அவ்வறிக்கையைக் காட்டும்படி ஊரார் கேட்பதை இடையூறென்று தள்ளிவிட முடியாது.

சுற்றாடல் சட்டத்தைப் பொறுத்தமட்டில் அதிகம் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான 772/22ஆம் இலக்க வர்த்தமானி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், 50 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துப்புரவாக்கல், நூறு குடும்பங்களுக்கு மேல் விருப்பமின்றிப் பெயர்த்துக் குடியமர்த்தல் என்பன போன்றவற்றுக்கே முன்மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் வீதம் ஐந்நூறு வீடு கட்டினால், வீட்டு மனைகளுக்கு மாத்திரம் ஏறத்தாழ 22 ஏக்கர் போதும். பாதையும் பொதுவிடமும் சேர்ந்தாலும் 50 ஹெக்டேயர், அதாவது 123 ஏக்கருக்கு மேல், எட்டுவது அரிது. ஆயினும் ஒரே மலையில் முந்நூறு, முந்நூறாக நான்கு கட்டங்களாய் வீடுகள் வருமாயின், அதை ஒரே திட்டமாகக் கொண்டு பரிசீலிக்கும்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுத வேண்டியது தங்கள் கடமை. விரிவான தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அதன்மேல் பொதுமக்கள் அபிப்பிராயம் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அந்நாட்களைத் தவறவிடலாகாது.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். வழக்குப் போடலாம், ஆனால் சபையின் பெயரால் அன்று. பதிவற்ற சங்கம் சட்டத்தின் கண்களில் ஓர் ஆளாகாது. தண்ணீர் குடிப்பவரும், அம்மலையின் அடியில் உறங்குபவருமாகிய நாலைந்து பேர் தத்தம் பெயராலேயே மனுதாரராக வேண்டும். எப்பாவல பொஸ்பேற் வழக்கில் நடந்ததும் இதுதான். நெற்செய்கையாளரும் பாற்பண்ணையாளரும் விகாராதிபதி ஒருவருமாக ஊரார் சிலர், பெருங் கம்பெனியொன்றோடு அரசு செய்துகொள்ளவிருந்த உடன்படிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றனர். உரிமை பலருக்கும் பொதுவாயிருப்பதனால் தனியொருவர் அதைக் கோரலாகாது என்ற வாதத்தை நீதியரசர் அமரசிங்ஹ 2000ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு ஏற்கவில்லை. இயற்கை வளங்களை அரசு மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாகவே வைத்திருக்கிறது என்பதையும் வலியுறுத்திற்று. தங்கள் வழக்குக்கும் இதுவே ஆதாரமாகும்.

காலவரையறையில் ஜாக்கிரதை அவசியம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனுவை, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. பிரதேச சபையின் தீர்மானம் சட்டவிரோதமாயின் எழுத்தாணை கோரிப் பதுளையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், கொழும்பு அமைச்சின் தீர்மானமாயின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். ஒருவேளை இயந்திரம் வந்து நீரோட்டத்தை மண்ணால் அடைத்துவிட்டால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நீதவானிடம் தடை நீக்கக் கட்டளை கேட்பதே விரைவான பரிகாரம். பொருள் வசதியற்றோர் பதுளையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

எந்த நீதிமன்றமாயினும் கேட்பது சான்றை. 2014ஆம் ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் நீர் பெருகி, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்ததைத் தாங்கள் அறிவீர்கள். வெடிப்பு புதியதா பழையதா, ஊற்று முன்பு எவ்வளவு ஓடிற்று என்ற கேள்வி எழும்போது, முன்னிலையைக் குறித்து வைத்தவருக்கே பதில் கையில் இருக்கும். ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். பீலியின் கீழ் ஒரு பத்து லீற்றர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, திகதியும் மழை நிலவரமும் சேர்த்துச் சபைக் குறிப்பேட்டில் வாரந்தோறும் எழுதுங்கள், இருவர் கையொப்பமிடுங்கள். லயத்துச் சுவர், கான், படிக்கட்டு, பாதையின் அணை ஆகியவற்றைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள்.

இறுதியாக, சட்டத்தோடு நியாயத்தையும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மலையில் வீடு பெறப்போகிறவர் யாரோ அந்நியர் அல்லர். பெரும்பாலும் வேறொரு டிவிஷனில், ஒற்றைக் காம்பராவில் மூன்று குடும்பமாக முடங்கிக் கிடப்பவர்களோ, மண்சரிவுக்கு அஞ்சி இடம்பெயர்க்கப்பட்டவர்களோ ஆவர். இந்திய உதவியால் முதலில் நாலாயிரமும், 2017இல் அறிவிக்கப்பட்டபடி பின்னர் பத்தாயிரமுமாக மலையகத்துக்கு வீடுகள் வாக்களிக்கப்பட்டதும், ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி என்ற கோரிக்கை எழுந்ததும் நெடுங்காலக் கண்ணீரின் பின்னரே. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு தங்கள் மனு நிற்குமாயின், நீதிபதியும் அதை மறுப்பார், சகோதரரும் மன்னியார். ‘ஊற்றுக்கண்ணைச் சுற்றி இத்தனை அடி தேயிலையும் மரமும் விடுக, சரிவு இத்தனைக்கு மேற்பட்ட இடத்தில் கட்டாதிருக்க, எங்கள் லயத்தாருக்கும் இத்திட்டத்தில் பங்கு தருக’ என்று திட்டமாகக் கேட்கும் மனுவையே அதிகாரிகள் திருத்தத்துக்கு எடுத்துக்கொள்வர், மறுத்தாலும் மறுப்புக்குக் காரணம் எழுத நேரும். அக்காரணமே பின்னர் நீதிமன்றத்தில் ஆராயப்படும்.

ஓர் எச்சரிக்கை. விளக்கக் கூட்டம் என்று அழைத்து ஒரு தாளைச் சுற்றிவிட்டுக் கையொப்பம் கேட்டால், தலைப்பை முழுவதும் வாசியாமல் யாரும் ஒப்பமிட வேண்டாம். தெரியாத மொழியில் இருந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். அது கிடைக்கும் வரையில், தம் பெயருக்குப் பக்கத்தில் ‘வரவு மட்டும், சம்மதமன்று’ என்று எழுதிய பின்னரே ஒவ்வொருவரும் கையொப்பமிடட்டும்.