புது கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளே வரவில்லையா? பயாஸைப் பாருங்கள்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். பழைய கம்ப்யூட்டர் பெரிய பைல்களைத் திறக்கத் திணறியதால், சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து விழுப்புரத்தில் வீட்டிலேயே பூட்டினேன். ப்ராசசர் ரைசன் 5 5600, மதர்போர்டு பி450. பட்டனை அழுத்தினால் பேன் சுற்றியது, விளக்குகள் எரிந்தன, மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது.

வாங்கிய கடைக்குப் போன் செய்தேன். "நீங்களே மாட்டினீங்கல்ல மேடம், பின்னை வளைச்சிருப்பீங்க. அதுக்கு வாரண்டி கிடையாது. வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். இதை எழுதுவதற்கு அந்தப் பதிலே காரணம்.

வழக்கமான சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 பின் கேபிள் மட்டும் போதாது. ப்ராசசருக்கென்று தனியாக வரும் 8 பின் கேபிளும் மாட்டியிருக்க வேண்டும். ரேம் இரண்டு, ஸ்லாட் நான்கு என்றால் ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். 5600-இல் உள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். பிறகு போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஆன் செய்து பாருங்கள். கேபினட்டில் ஷார்ட் இருந்தால் இதில் தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். எனக்குச் சிபியு விளக்கு அணையவே இல்லை.

கடைக்காரர் சொன்னதுபோல் பின் வளைந்திருக்கிறதா என்று பார்க்கக் கூலரைக் கழற்றினேன். ஏஎம்4 சாக்கெட் உள்ள இந்த வகை போர்டில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும், பின் அப்போதுதான் வளையும். இடமும் வலமும் மெல்லத் திருப்பி, பிடி விட்ட பிறகு எடுங்கள். ப்ராசசரின் அடியில் 1331 பின்கள். மொபைல் கேமராவில் பெரிதாக்கி வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஒன்றுகூட வளையவில்லை. கடைக்குப் படத்தை அனுப்பியதும், "அப்போ எஸ்எம்பிஎஸ் வீக்கா இருக்கும்" என்று பேச்சை மாற்றி, புதிதாக ஒரு பவர் சப்ளையை என் தலையில் கட்டினார்கள். அதை மாட்டிய பிறகும் அதே சிபியு விளக்குதான் எரிந்தது.

உண்மையில் பழுது எதிலும் இல்லை. பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில் வந்தது. 5600 அதற்கும் பின்னால், 2022-இல். சாக்கெட் ஒன்றே என்பதால் ப்ராசசர் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டில் இருக்கும் பயாஸ், அதாவது போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள், பழையதாக இருந்தால், அதற்கு அந்த ப்ராசசரை அடையாளம் தெரியாது. போர்டு கம்பெனியின் இணையதளத்தில், எந்த ப்ராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் உண்டு. அதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

என் போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் பிளாஷ் பட்டன் இருந்தது. இந்தப் பட்டன் இருந்தால், ப்ராசசர் வேலை செய்யாவிட்டாலும் பயாஸை மாற்றலாம். பென்டிரைவை பேட்32 முறையில் பார்மட் செய்து, புதிய பயாஸ் பைலை கம்பெனி சொன்ன பெயரில் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்தினேன். விளக்கு மின்னி முடியும்வரை கரண்ட் போகக் கூடாது. யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் ஆன் செய்தேன், டிஸ்ப்ளே வந்தது. பட்டன் இல்லாத போர்டு என்றால், அது ஏற்கும் பழைய ப்ராசசரை யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பயாஸை மாற்ற வேண்டியிருக்கும்.

கூலி கொடுத்துக் கடையிலேயே பூட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முகூர்த்த மாதத்தில் கம்ப்யூட்டர் படுத்தால் மெக்கானிக் வரும்வரை நம்மால் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு பாகமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் செய்ததே சரி.

போர்டையும் ப்ராசசரையும் ஒரே பில்லில் விற்றவருக்கு, அவை இரண்டும் சேர்ந்து ஓடுமா என்று பார்த்துக் கொடுக்கும் கடமை உண்டு. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே இரண்டையும் மாட்டி டிஸ்ப்ளே காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.